சுழலியின் இழுவையும் காற்றுவேகமும்: ஆட்டோஜைரோ முதல் அரக்கோணம் வரை

ஆய்வுச் சுருக்கம்

பொறியால் சுழற்றப்படாமல் எதிர்வரும் காற்றினாலேயே சுழலும் இறக்கையைக் கொண்ட ஊர்தி ஜைரோபிளேன். வேகம் கூடினால் இழுவையும் கூடும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இச்சுழலியிலோ, பறக்கும் வேக எல்லையின் பெரும்பகுதியில் வேகம் கூடக் கூட இழுவை குறைகிறது. இவ்வுண்மை 1920களிலும் 1930களிலும் எவ்வாறு கணிக்கப்பட்டது, யாரால் மறுக்கப்பட்டது, எவ்வாறு அளந்து உறுதி செய்யப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த அரக்கோணத்தில் நடைபெறும் ஹெலிகாப்டர் பயிற்சியோடு அதற்குள்ள தொடர்பும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஜைரோபிளேன், சுழலி, இழுவை, தன்சுழற்சி, முனைவேக விகிதம், சியர்வா, கிளாவர்ட், அரக்கோணம்.

தணக்கும் தன்சுழற்சியும்

காஞ்சிபுரத்திற்கு வடக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், செங்கல்பட்டிலிருந்து காஞ்சி வழியாகச் செல்லும் இருப்புப்பாதை முடியும் இடத்தில் அரக்கோணம் உள்ளது. அங்கு 1992 மார்ச் 11 அன்று தொடங்கப்பட்ட இந்தியக் கடற்படை வானூர்தித் தளத்திற்கு ‘ராஜாளி’ என்று தமிழ்ப் பறவைப் பெயர் சூட்டப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது பயணிகள் விமானங்கள் இத்தளத்திலிருந்து இயக்கப்பட்டதைப் பலர் நினைவில் வைத்திருப்பர். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் இங்குதான் இயங்குகிறது என்பது அந்த அளவிற்குப் பரவலாகத் தெரிந்ததன்று. அப்பள்ளியில் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று, பொறி நின்றுபோன ஹெலிகாப்டரைத் தரையிறக்குவது. பொறி நின்ற கணத்தில் ஹெலிகாப்டர் ஒரு ஜைரோபிளேன் ஆகிவிடுகிறது. ஆகவே ஜைரோபிளேன் சுழலியின் இழுவை பற்றிய வரலாறு காஞ்சி வட்டாரத்து வானத்திற்கு அயலானதன்று.

காற்று தானே ஒரு பொருளைச் சுழற்ற, அச்சுழற்சியே அப்பொருளைத் தாங்குவதைத் தன்சுழற்சி எனலாம். இதற்குத் தமிழ்நிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கிழக்குக் கரையோரத்து வறண்ட காடுகளில் வளரும் தணக்கு மரத்தின் காய்க்கு இரு நீண்ட சிறகுகள் உள்ளன. மரத்திலிருந்து உதிரும் காய் சிறிது தூரம் நேராக விழுந்து, பின் சுழலத் தொடங்கி, வேகம் தணிந்து, காற்றில் விலகிச் சென்று இறங்குகிறது. தாவரவியலார் இம்மரத்திற்கு இட்ட ‘ஜைரோகார்ப்பஸ்’ என்னும் பெயருக்குச் ‘சுழலும் கனி’ என்பது பொருள். குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் வரும் தணக்கம் இதுவே எனக் கொள்வர். வில்லியம் ராக்ஸ்பரோ 1795 முதல் வெளியிட்ட சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய நூலிலும் இம்மரம் இடம்பெற்றுள்ளது. தணக்கின் காய்க்கு முன்னோக்கிய வேகம் இல்லை. அது விழ மட்டுமே செய்கிறது. முன்னோக்கிச் செல்லும் சுழலியில் என்ன நிகழ்கிறது என்ற வினா, மனிதன் அத்தகைய ஊர்தியைக் கட்டிய பின்னரே எழுந்தது.

சியர்வாவின் முயற்சி

ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் தெ லா சியர்வா (1895–1936) 1919இல் மூன்று பொறிகள் கொண்ட பெரிய விமானம் ஒன்றை வடிவமைத்தார். அது தரைக்கு அருகில் வேகம் குறைந்து ஏற்றமிழந்து வீழ்ந்தது. விமானம் மெதுவாகச் சென்றாலும் இறக்கை வேகமாகச் செல்ல வேண்டும். அப்போதுதான் இவ்வகை விபத்து ஒழியும் என்று அவர் கருதினார். சுழலும் இறக்கைக்கு அவரைக் கொண்டு சென்றது ஹெலிகாப்டர் போலச் செங்குத்தாக எழும் ஆசையன்று, இந்த அச்சமே. பின்வரும் விவாதத்தைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

அவருடைய முதல் மூன்று ஊர்திகளும் தோற்றன. முன்னோக்கிச் செல்லும்போது சுழலியின் ஒரு பக்கத்து அலகு எதிர்காற்றை நோக்கியும், மறுபக்கத்து அலகு காற்றோடு பின்வாங்கியும் செல்கிறது. முன்னேறும் பக்கத்தில் ஏற்றம் மிகுதி, பின்வாங்கும் பக்கத்தில் குறைவு. ஊர்தி ஒருபுறம் கவிழ்கிறது. ஆனால் பிரம்பால் அலகுச் சட்டம் செய்த சிறிய மாதிரி மட்டும் கவிழாமல் பறந்தது. பிரம்பு வளைந்து கொடுத்தமையே காரணம் என்பதை உணர்ந்த சியர்வா, அலகுகள் மேலும் கீழும் அசையும்படி அடியில் கீல் அமைத்தார். அக்கீல் பொருத்திய சி.4 ஊர்தி 1923 ஜனவரியில் மத்ரித்தை அடுத்த கெதாஃபேயில் பறந்தது. தன் கண்டுபிடிப்பிற்கு அவர் வைத்த பெயர் ‘ஆட்டோஜைரோ’.

1925 அக்டோபரில் ஃபிராங்க் கோர்ட்னி என்னும் விமானி இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் சி.6ஏ ஊர்தியைப் பறக்கவிட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் சியர்வா நிறுவனம் தோன்றியது. 1927 பிப்ரவரியில் அதே கோர்ட்னி ஓட்டிய ஊர்தியில் அலகு முறிந்து விபத்து நேர்ந்தது. அலகுகள் சுழலும் தளத்திலேயே முன்னும் பின்னும் இழுபட்டு அடிப்பகுதி களைத்துப்போனதே காரணம். அதன் பின்னர் இரண்டாவது கீலும் சேர்க்கப்பட்டது. இவ்விழுபாடு ஒவ்வோர் அலகும் தன் சுற்றில் படும் துன்பம். சுழலி முழுவதும் சேர்ந்து ஊர்தியைப் பின்னுக்கு இழுப்பது வேறு. இவ்விரண்டும் அக்கால எழுத்துகளில் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டுக் குழப்பம் விளைவித்தன. இக்கட்டுரையில் ‘இழுவை’ என்பது பின்னதையே குறிக்கும்.

கிளாவர்ட்டின் கணக்கு

ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹெர்மன் கிளாவர்ட் (1892–1934) அக்காலத்தின் தலைசிறந்த காற்றியக்கக் கணிதவியலாளர்களுள் ஒருவர். கோர்ட்னியின் பறப்பு நடந்ததற்கு அடுத்த ஆண்டில், 1926இல், ஆட்டோஜைரோவின் பொதுக் கோட்பாட்டை அவர் வெளியிட்டார். அடுத்த ஆண்டு சி. என். எச். லாக் அதனை விரிவாக்கினார். இன்றைய ஹெலிகாப்டர் கணக்குகளின் வேர் இவ்விரு அறிக்கைகளிலேயே உள்ளது.

கணக்கின் சாரத்தைச் சமன்பாடின்றியே கூறலாம். சுழலிக்குப் பொறியின் முறுக்கம் இல்லை. எனவே அது செலவிடும் ஆற்றல் அனைத்தும் ஊர்தியின் முன்னோக்கிய இயக்கத்திலிருந்தே வர வேண்டும். இழுவை என்பது அவ்வாற்றலைச் சுழலி வசூலிக்கும் வழி. ஒரு நொடியில் சுழலி செலவிடும் ஆற்றலை ஒரு நொடியில் ஊர்தி கடக்கும் தூரத்தால் வகுத்தால் இழுவை கிடைக்கும்.

செலவு இரு வகைப்படும். முதலாவது, எடையைத் தாங்கக் காற்றைக் கீழே தள்ளுவதற்கான செலவு. இதனால் எழுவது தூண்டல் இழுவை. மெல்லச் செல்லும்போது சுழலிவட்டத்திற்குள் நொடிக்கு வந்து சேரும் காற்று குறைவு. அக்குறைந்த காற்றை மிகுந்த வேகத்தோடு தள்ள வேண்டியிருக்கும். விரைந்து செல்லும்போது மிகுந்த காற்றை மெல்லத் தள்ளினால் போதும். வேகம் இருமடங்கானால் தூண்டல் இழுவை நான்கில் ஒன்றாகிறது. நிலையான இறக்கைக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது செலவில்தான் சுழலி இறக்கையிலிருந்து வேறுபடுகிறது. அலகுகள் காற்றைக் கிழித்துச் செல்வதற்கான செலவு அது. அலகு இழுவை எனலாம். விமான இறக்கையில் இவ்விழுவை வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடும். சுழலியின் அலகோ, ஊர்தி ஊர்ந்தாலும் விரைந்தாலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கிறது. எனவே நொடிக்கான செலவு பெரிதும் மாறுவதில்லை. காஞ்சிபுரத்து வாசகர்க்கு இதைத் தறிக்கூடத்தின் வாடகை கொண்டு விளக்கலாம். நாள்வாடகை மாறாதது, ஒரு நாளில் நெய்யும் முழம் கூடக் கூட ஒரு முழத்தின்மேல் விழும் வாடகை குறைகிறது. அதுபோலவே, நொடிக்குக் கடக்கும் மீட்டர் கூடும்போது ஒவ்வொரு மீட்டரின்மேலும் விழும் அலகுச் செலவு, அதாவது இழுவை, குறைகிறது.

இக்குறைவு முடிவின்றித் தொடர்வதன்று. ஊர்தியின் வேகத்தை அலகு முனையின் சுழல்வேகத்தால் வகுத்தால் வருவது முனைவேக விகிதம். அவ்விகிதம் ஏறும்போது முன்னேறும் பக்கத்து அலகு படும் உராய்வு, பின்வாங்கும் பக்கத்தில் மிச்சமாவதைவிட விரைவாகக் கூடுகிறது; ‘வாடகை’யே விகிதத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்கிறது. பின்னாளில் வழக்கில் வந்த தோராயக் கணக்கின்படி, அலகு இழுவை மிகக் குறைவாக இருப்பது விகிதம் ஏறத்தாழ 0.46 ஆகும்போது. ஆனால் அதற்கு முன்பே பின்வாங்கும் அலகு ஏற்றமிழக்கத் தொடங்கி இழுவையை உயர்த்திவிடுவதுண்டு.

சூத்திரத்தோடு கிளாவர்ட் நிற்கவில்லை. அதன் விளைவாக ஒரு தீர்ப்பும் வழங்கினார்: ஏற்றத்திற்கும் இழுவைக்கும் உள்ள விகிதத்தில் ஆட்டோஜைரோ நல்ல விமானத்திற்கு ஈடாகாது, அதன் சிறப்பு மெல்லப் பறப்பதிலும் பாதுகாப்பாக இறங்குவதிலுமே உள்ளது. சியர்வா இதனை ஏற்கவில்லை. கணக்கின் எடுகோள்கள் தம் ஊர்திக்குப் பொருந்தா என்று வெளிப்படையாக மறுத்தார். பின்னர்த் தமக்கென ஒரு பொறியியல் கோட்பாட்டையும் எழுதினார். அது அவர் காலத்தில் நூலாக அச்சேறாமல் தட்டச்சுப் படியாகவே வழங்கியது. புதிய நிறுவனத்தின் முதலீடும், அரசின் ஆர்வமும், கண்டுபிடிப்பாளரின் பெயரும் இத்தீர்ப்பைச் சார்ந்திருந்தன. வெறும் கணிதச் சச்சரவாக மட்டும் இதனைக் காண்பது பொருந்தாது.

அளவையின் சான்று

சச்சரவைத் தீர்க்கப் பறக்கும் ஊர்தியையே அளக்க வேண்டியிருந்தது. அப்பணி அமெரிக்காவில், வர்ஜீனியாவின் லாங்லி ஆய்வகத்தில் நடந்தது. 1932இல் ஜான் பி. வீட்லி வெளியிட்ட அறிக்கை, பிட்கெய்ர்ன் நிறுவனத்தின் பி.சி.ஏ.-2 ஆட்டோஜைரோவை முன்னுந்தி நிறுத்திய நிலையில் மிதந்து இறங்கவிட்டு அளந்த முடிவுகளைத் தந்தது. முழு ஊர்தியின் ஏற்ற–இழுவை விகிதம் உச்சநிலையில் 4.8. மணிக்கு 58 கி.மீ. வேகத்தில் இறங்குவேகம் மிகக் குறைவாக, நொடிக்கு 4.6 மீட்டராக இருந்தது. முன்வேகமே இன்றிச் செங்குத்தாக இறங்கியபோது நொடிக்கு 10.7 மீட்டர்.

கடைசி எண்ணைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஊர்தியின் எடையையும் சுழலிவட்டத்தின் பரப்பையும் கொண்டு கணக்கிட்டால், செங்குத்தாக விழும் சுழலி, அதே பரப்புள்ள திடமான தட்டு தரும் எதிர்ப்புக்குச் சற்றும் குறையாத எதிர்ப்பைத் தருகிறது. வட்டத்தின் மிகச் சிறு பகுதியையே அலகுகள் நிரப்புகின்றன, எஞ்சியது வெற்றிடம். எனினும் காற்றுக்கு அது மூடிய தட்டாகவே படுகிறது. அதே சுழலி முன்னோக்கிச் சரிந்து வேகம் பெறும்போது எதிர்ப்பு பன்மடங்கு குறைகிறது. சுழலியின் இயல்பு முழுவதும் இவ்விரு முனைகளுக்கும் இடையில் அடங்கும்.

பி.சி.ஏ.-2க்குச் சுழலியோடு நிலையான இறக்கையும் உண்டு. ஆகவே சுழலியின் பங்கைத் தனியே பிரிக்க, அதை மட்டும் கழற்றி லாங்லியின் பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்து வீட்லியும் மேன்லி ஹூடும் ஆராய்ந்தனர். அம்முடிவுகள் 1935இல் வந்தன. சுழலியின் தனி விகிதம் உச்சத்தில் ஏறத்தாழ 7. நல்ல விமான இறக்கை இதைப்போல் இருமடங்கையும் மூன்று மடங்கையும் எளிதில் எட்டும். எண்ணைப் பொறுத்தவரை கிளாவர்ட்டே வென்றார். ஆயினும் சியர்வா முழுதும் தோற்றார் என்று எழுதுவது நியாயமன்று எனத் தோன்றுகிறது. மணிக்கு 58 கி.மீ. வேகத்தில் கட்டுப்பாடு இழக்காமல் இறங்கும் விமானம் அன்று எத்தனை இருந்தன? அவர் 1919இல் தேடத் தொடங்கியது அதைத்தான்.

இருவரும் நீண்ட காலம் வாழவில்லை. கிளாவர்ட் 1934இல், ஒரு மரக்கட்டையை வெடிவைத்துத் தகர்த்தபோது பறந்து வந்த துண்டு பட்டு இறந்தார். சியர்வா 1936 டிசம்பர் 9 அன்று, லண்டன் குரோய்டனில் புறப்பட்ட உடனே வீழ்ந்த பயணிகள் விமானத்தில் மாண்டார்.

எண்களில் ஒரு வளைவு

இன்றைய இருக்கை இரண்டு கொண்ட ஜைரோபிளேன் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். எடை 450 கி.கி.; சுழலியின் விட்டம் 8.4 மீட்டர், 20 செ.மீ. அகலமுள்ள இரண்டு அலகுகள். நிமிடத்திற்கு 350 சுற்று. முனைவேகம் நொடிக்கு 154 மீட்டர். அலகின் சராசரி இழுவைக் கெழு 0.012 எனக் கொண்டு மேற்கூறிய தோராயக் கணக்கைச் செய்தால், சுழலியின் இழுவை மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் சுமார் 1420 நியூட்டன், 72இல் 965, 108இல் 600, 144இல் 460. வேகம் ஏற ஏற இறங்கும் வரிசை இது. உண்மையான சுழலியில் அலகு முறுக்கம், காற்றுச் சீரின்மை முதலியவற்றால் எண்கள் இதைவிட உயரும். வளைவின் வடிவம் மாறாது.

ஊர்தியின் உடல், சக்கரம், தூண், பயணிகள் ஆகியவற்றின் இழுவை இதற்கு நேரெதிர். அவற்றின் இழுவைப் பரப்பு 0.8 சதுர மீட்டர் எனில், அதே நான்கு வேகங்களில் இழுவை முறையே 110, 195, 440, 785 நியூட்டன். இரண்டையும் கூட்டினால் 1530, 1160, 1040, 1245. மெல்லச் செல்லும்போது மொத்த இழுவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சுழலியுடையது. விரைவில் அது இரண்டில் ஒன்றுக்கும் கீழே இறங்குகிறது. ஜைரோபிளேனின் வேகத்தைத் தடுப்பது தலைக்குமேல் சுற்றும் இறக்கையே என்று பலர் கருதுவர். இவ்வேகங்களில் உண்மையான தடை, திறந்த உடற்பகுதியும் வெளியே நீட்டிய கால்களுமே.

இதே எண்களில் ஆபத்தும் உள்ளது. தேவைப்படும் திறனைக் கணக்கிட்டால் 54இலும் 72இலும் ஏறத்தாழ ஒரே அளவு, 23 கிலோவாட் வருகிறது, 144இல் 50. மிகக் குறைந்த திறன் முதலிரண்டிற்கும் இடையில் எங்கோ உள்ளது. அதற்கும் கீழே வேகம் தணிந்தால் திறன் தேவை மீண்டும் ஏறுகிறது. தரைக்கு அருகில் மெல்லப் பறக்கும் விமானி, உயரம் குறைவதைக் கண்டு மூக்கை மேலே தூக்கினால் சுழலிவட்டம் பின்சாய்ந்து இழுவை கூடும், வேகம் மேலும் தணியும், இறக்கம் விரைவாகும். ஏற்றமிழப்பு இல்லை என்ற சியர்வாவின் வாக்குறுதி உண்மைதான். ஆயினும் ஏற்றமிழக்காத ஊர்தியும் இவ்வழியில் தரையில் மோதக்கூடும். இதற்கு மருந்து உள்ளுணர்வுக்கு மாறானது: மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவது.

வேகத்தின் மறுமுனையில் நடந்த முயற்சிகளைச் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். 1957 நவம்பரில் முதலில் பறந்த பிரித்தானிய ஃபேரி ரோட்டோடைன், பறக்கும்போது எடையின் ஒரு பகுதியை நிலையான இறக்கைக்கு மாற்றிச் சுழலியைத் தன்சுழற்சியில் விட்டது. 1959 ஜனவரி 5 அன்று மணிக்கு 307 கி.மீ. வேகத்தை எட்டியது. 1962இல் திட்டம் கைவிடப்பட்டது. 2005 ஜூனில் அமெரிக்கக் கார்ட்டர் நிறுவனத்தின் ஊர்தி, சுழலியை வெகுவாக மெதுவாக்கி முனைவேக விகிதம் 1ஐத் தொட்டது. அலகு இழுவையைக் குறைக்க ஊர்தியை விரைவாக்காமல் சுழற்சியையே தணிப்பது இம்முறை. தறிக்கூடத்து உவமையில் சொன்னால், வாடகையையே குறைப்பது.

இந்தியக் கடலும் அரக்கோணமும்

இந்தியப் பெருங்கடலுக்குச் சுழலியின் தன்சுழற்சி முதலில் போர்க்கருவியாக வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் ‘பாக்ஷ்டெல்ட்சே’ என்னும் பொறியற்ற சுழலிப் பட்டத்தைக் கயிற்றால் இழுத்துச் சென்றன. அதன் எடை ஏறத்தாழ 75 கி.கி. மட்டுமே. அதில் அமர்ந்த காவலர் 100 மீட்டருக்கும் மேலிருந்து தொலைவிலுள்ள கப்பல்களைக் கண்டு தொலைபேசியில் சொல்வார். 1943 ஆகஸ்ட் 6 அன்று யு-177 நீர்மூழ்கி இவ்வாறு கண்டறிந்த கிரேக்கச் சரக்குக் கப்பலை இந்தியப் பெருங்கடலில் மூழ்கடித்தது. கயிற்றின் இழுவிசையில் பெரும்பங்கு சுழலியின் இழுவையே. அதை ஈடுசெய்யும் பொறி நீர்மூழ்கியிடம் இருந்தது. எதிரி விமானம் தோன்றினால் பட்டத்தைக் கீழிறக்க நேரம் இராது என்பதால் இது அருகியே பயன்பட்டது.

அரக்கோணத்தின் ஓடுதளமும் அதே போர்க்காலத்தில் தோன்றியதே. இன்று அங்குப் பயிற்சி பெறும் விமானி, பொறி நின்ற ஹெலிகாப்டரில் முதலில் செய்வது அலகுகளின் கோணத்தைக் குறைக்கும் நெம்புகோலைத் தாழ்த்துவது. அப்போது கீழிருந்து மேலெழும் காற்று சுழலியைச் சுழற்றத் தொடங்குகிறது. அடுத்து அவர் கவனிப்பது காற்றுவேகம். வீட்லியின் அளவை காட்டிய அதே வளைவு இங்கும் செயல்படுகிறது. மிக மெல்ல இறங்க ஒரு வேகம். மிகத் தொலைவான வயலை எட்ட அதைவிடக் கூடிய வேறொரு வேகம். முன்னதில் நொடிக்கான ஆற்றல் இழப்பு மிகக் குறைவு. பின்னதில் மீட்டருக்கான இழப்பு, அதாவது மொத்த இழுவை, மிகக் குறைவு. காஞ்சிக்கும் அரக்கோணத்திற்கும் இடையே ஏரிகளும் நெல்வயல்களும் விரவிய நிலத்தின்மேல் எந்த வேகத்தைத் தேர்வது என்பது, இறங்க இடம் கீழேயே உள்ளதா சற்று அப்பால் உள்ளதா என்பதைப் பொறுத்தது.

தரை நெருங்கும்போது அவர் மூக்கை உயர்த்துகிறார். ஜைரோபிளேன் விமானியை உயரத்தில் ஏமாற்றிய அதே செயல் இங்கு வேண்டியதாகிறது. சுழலிவட்டம் பின்சாய்ந்து இழுவை திடீரெனப் பெருகுகிறது. ஊர்தியின் வேகம் கரைகிறது. கரைந்த ஆற்றலில் ஒரு பகுதி அலகுகளின் சுழற்சியில் சேர்கிறது. ஊர்தியை மீண்டும் நிமிர்த்தி, நெம்புகோலை மேலே இழுத்து, அச்சேமிப்பைக் கடைசி மீட்டர்களில் ஏற்றமாகச் செலவிட வேண்டும். சில நொடிகளில் சுழற்சி தணிந்துவிடும். சற்று முன்னதாக இழுத்தால் உயரத்திலேயே சேமிப்பு தீர்ந்துபோகும். பிந்தினால் சக்கரங்கள் முதலில் தரையைத் தொட்டுவிடும்.